முன்னே விருந்தினர், பின்னே வீட்டார்

உலக விளையாட்டு விழாக்களின் தொடக்க நிகழ்ச்சியைக் கண்விழித்துக் காண்பது நம் இல்லத்தில் நெடுநாளைய வழக்கம். ஓட்டமும் தாண்டலும் மறுநாளிலிருந்து எத்தனையோ நாள் நடக்கும். அவற்றை விட்டாலும் விடுவோம். தொடக்க நாளை விடுவதில்லை. நாடுகள் ஒவ்வொன்றாகத் தத்தம் கொடியின் பின்னே நடந்து வரும் அந்த நீண்ட அணிவகுப்பில் நமக்கு அப்படி ஓர் ஈர்ப்பு.

அலுவலகத்தில் நமக்கு அடுத்த மேசையில் அமரும் நண்பர் இதை ஏற்பதில்லை. “ஓட வந்தவர் ஓடட்டும், எறிய வந்தவர் எறியட்டும். வாணவேடிக்கையும் ஆட்டமும் பாட்டும் எதற்கு? கோடி கோடியாகக் கொட்டி ஓர் இரவில் கரியாக்குவது எந்த வகை அறம்?” என்று கேட்பார். கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். அவர் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆயினும் அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது நம்மை விளையாட்டரங்குகள் பலவற்றுக்கும் அழைத்துச் சென்று, முடிவில் ஜீவனஹள்ளியில் நம் வீட்டு வாசற்படியிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு மண்ணில் வேர்விட்ட குடும்பங்கள் நாம். ஆதலின் அந்த விடையைச் சங்க மலரில் அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பொருந்தும் என்று கருதுகிறோம்.

புகாரின் முரசு

விழாவைத் தொடங்குவதற்கென்று ஒரு முறை வேண்டும் என்பதைத் தமிழர்க்குப் பிறர் கற்பிக்கவேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதைக்கே ‘விழாவறை காதை’ என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திரவிழா இருபத்தெட்டு நாள் நடைபெறவிருக்கிறது. யானையின் பிடரியில் முரசை ஏற்றி அச்செய்தியை ஊருக்கு அறிவிக்கிறார்கள். தெருவெங்கும் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புக, தோரணம் கட்டுக, வாழையும் கமுகும் நடுக என்று அறிவிப்பு விரிகின்றது. இவை அழகுக்குரிய ஏற்பாடுகள். ஆனால் முரசறைவோன் அழகோடு நிறுத்திவிடவில்லை. பகைமை கொண்டோர் எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்லுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். பல்வேறு மொழி பேசும் மக்கள் வந்து கூடியிருக்கும் ஊர் அது என்பதையும் காப்பியம் மறவாமல் குறிக்கின்றது. அவ்விழாவைச் சோழன் ஓராண்டு மறந்தான். ஊரைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியம் சொல்லும் கதை.

பழைய கிரேக்க நாட்டிலும் ஒலிம்பியா விழாவுக்கு முன்னர்த் தூதர்கள் ஊர் ஊராகச் சென்று போர்நிறுத்தம் அறிவித்தனர். வீரரும் காண வருவோரும் பகைவர் நாட்டு வழியாகவும் அஞ்சாமல் வந்து திரும்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தப் பழைய மரபை நினைவில் கொண்டு, ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1993 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக் விழாவையொட்டியும் போர்நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றி வருகின்றது. தீர்மானத்தைக் கேட்டுத் துப்பாக்கிகள் வாய் மூடிவிட்டன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சொல்லவேண்டியதைச் சொல்லும் வழக்கம் இன்னும் அறுந்துபோகவில்லை.

புதுமணலும் பூசலின்மையும் ஒரே அறிவிப்பில் வந்தது தற்செயல் அன்று. மணல் பரப்புவது செலவுதான்; காற்றடித்தால் அடுத்த நாளே கலைந்துவிடும். ஆனால் மணல்கூடப் பரப்பாத வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களைப் பார்த்துப் பகையை மறந்து நடங்கள் என்றால் எவர் செவி கொடுப்பார்? வாசலை அழகு செய்தல் ‘உம்மை எதிர்பார்த்திருந்தோம்’ என்று சொல்லாமற் சொல்வதாகும். தொடக்க விழாவின் கலையெல்லாம் அந்த ஒரு சொல்லின் விரிவே என்பது நம் எண்ணம்.

நடக்கும் முறை

இன்று நாம் காணும் ஒலிம்பிக் தொடக்க விழா ஒரே நாளில் உருவானதன்று. 1908இல் இலண்டனில் வீரர்கள் நாடு நாடாகப் பிரிந்து அணிவகுத்தனர். 1920இல் ஆண்ட்வெர்ப் நகரில் வீரர் ஒருவர் எல்லார் சார்பிலும் உறுதிமொழி கூறும் வழக்கம் தோன்றியது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் அரங்கில் சுடர் எரிந்தது. 1936இல் பெர்லின் விழாவுக்கு ஒலிம்பியாவிலிருந்து ஓட்டக்காரர் கைமாற்றிக் கைமாற்றித் தீயை எடுத்து வந்தனர். விழாவைத் தொடங்கிவைக்கும் நாட்டுத் தலைவர் என்ன சொல்லவேண்டும் என்பதுகூட ஒரே வாக்கியமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் மேடைகளில் தலைமையுரை ஒருமணி நேரம் கேட்டுப் பழகிய நமக்கு அந்த விதி பொறாமை தருவது!

இவற்றுள் சுடரைப் பற்றித்தான் உலகமெல்லாம் பேசும். நம் மனம் தங்கியது வேறொரு விதியில். 1928 முதல் வழிவழியாக வரும் முறைப்படி, விழாவின் தாயகமான கிரேக்கம் முதலில் நடக்கும். விழாவை நடத்தும் நாடு கடைசியில் நடக்கும். அரங்கம் அவர்களுடையது, செலவு அவர்களுடையது, கைதட்டுவோரில் பெரும்பாலோரும் அவர்களே. இருந்தும் எல்லா நாடும் உள்ளே வந்து நின்ற பிறகே அவர்கள் காலடி எடுத்து வைக்கலாம். நம் கல்யாண வீடுகளில் பெண்வீட்டார் கடைசிப் பந்தியில் அமர்வது போன்றதே இது. 2004இல் ஏதென்சில் விழா நடந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. கிரேக்கர் முதலில் நடக்கவேண்டியவர். விருந்தோம்புவோராதலின் கடைசியில் நடக்கவேண்டியவரும் அவரே. என்ன செய்தார்கள்? கிரேக்கக் கொடி மட்டும் முதலில் வந்தது. அணி கடைசியில் வந்தது. உரிமையைக் கொடியோடு நிறுத்திக்கொண்டு, கால்களைக் கடமைக்கு ஒப்புவித்த அந்த முடிவு நமக்கு மிகவும் பிடித்தது.

இது வீட்டாருக்குரிய முறை. வந்தவருக்கும் ஒரு முறை உண்டு. இடைப்பட்ட நாடுகள் பொதுவாக விழா நடத்தும் நாட்டு மொழியின் எழுத்து வரிசைப்படி நடக்கின்றன. 1988இல் சியோலில் கொரிய எழுத்து வரிசையில் கிரேக்கத்துக்கு அடுத்துக் கானா வந்தது. அதற்கடுத்துக் காபோன் வந்தது. 2008இல் பெய்ஜிங்கில் சீன எழுத்தின் கோடுகளை எண்ணி வரிசை அமைத்தனர். கினி இரண்டாவதாக வந்தது. தம் நாட்டில் எத்தனை பெரியவராயினும், அங்கே அந்த ஊர் எழுத்து காட்டிய இடத்திலேதான் நின்றார்கள். ஒரே வீட்டில் இரு மொழி இருந்தால் என் செய்வது? 1992இல் பார்சிலோனாவில் கத்தலான் மொழியா, ஸ்பானிய மொழியா என்பது எளிதிற் புண்படக்கூடிய செய்தியாக இருந்தமையால், பிரெஞ்சு வரிசையைப் பின்பற்றினார்கள். மொழி எத்துணை மெல்லிய இடம் என்பதை உலகம் அறிந்தே வைத்திருக்கிறது.

தமிழ் நெடுங்கணக்கின்படி ஓர் ஒலிம்பிக் அணிவகுப்பு நடந்தால் எப்படியிருக்கும் என்று நம் மகளோடு ஒருநாள் கற்பனை செய்து பார்த்தோம். அமெரிக்காவும் அயர்லாந்தும் முன்னே வரும். உயிருக்கும் மெய்க்கும் நடுவே ஆய்தம் நிற்பதால், ஃபிஜியும் ஃபின்லாந்தும் சேர்ந்து நடக்கும். ஔகாரத்துக்கு நாடு கிடைக்கவில்லை! சிரித்து முடித்தபின் அவள் கேட்டாள்: “அப்பா, அப்ப நம்ம எந்த எழுத்துல நிப்போம்?” இந்தியா என்று விடை சொன்னோம். ஆனால் அவள் கேட்டது அதுமட்டும்தானா என்ற ஐயம் நமக்குள் தங்கிவிட்டது.

வீட்டார் பிழையும் விருந்தினர் மானமும்

தொடக்க விழாக்களைப் போற்றுவதால் அவற்றின் குறைகளுக்கு நாம் கண்ணை மூடிக்கொள்ளவேண்டியதில்லை. 2008 பெய்ஜிங் விழாவில் சிவப்பு உடையில் ஒரு சிறுமி மேடையில் நின்று பாடினாள், உலகமே உருகியது. உண்மையில் ஒலித்தது மற்றொரு சிறுமியின் குரல் என்பது பின்னர் வெளியாயிற்று. அவள் தோற்றம் மேடைக்கு ஏற்றதாக இல்லையென்று முகத்தை மறைத்துக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2010இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, விருந்தினர் கண்ணில் படலாகாதென்று குடிசைப் பகுதிகளை மூங்கில் தட்டிகளாலும் பதாகைகளாலும் மறைத்தார்கள். விருந்தாளி வரும் நேரத்தில் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது எல்லா வீட்டிலும் உள்ளதே. ஆனால் வீட்டில் உள்ள ஒரு பிள்ளையையே கட்டிலுக்கடியில் தள்ளலாமா? விருந்தோம்பல் அந்த இடத்தில் வெறும் பெருமிதமாகத் திரிந்துவிடுகின்றது. கணக்குப் பிரிவு நண்பர் கேட்ட கேள்வியின் நியாயமான பகுதி இதுவே. செலவு தீங்கன்று, வந்தவருக்காகச் செய்யாமல் நம்மைக் காட்டிக்கொள்வதற்காகச் செய்வதே தீங்கு.

இதன் முற்றிய நிலையை 1936இல் பெர்லினில் உலகம் கண்டது. அங்கே விருந்தோம்புவோர் தம் வலிமையை வந்தவர்க்குக் காட்டுவதற்கென்றே அரங்கு எடுத்திருந்தார்கள். வணக்கம் செலுத்த வலக்கையை நீட்டி உயர்த்தும் முறை அவர்களுடையது. சில நாடுகள் அப்படியே செய்தன. தியான்சந்த் கொடியேந்த, தலைப்பாகை அணிந்து நடந்த இந்திய அணி அந்த வணக்கத்தைச் செய்யவில்லை. குறித்த இடத்தில், குறித்த முறையில், ஒழுங்காக நடந்தது. கையை மட்டும் உயர்த்தவில்லை. அந்நாளில் இந்தியா அடிமை நாடு; விடுதலைக் கொடிகூட அதற்கு இல்லை. வீட்டார் வகுத்த வரிசையில் நடப்பது விருந்தினர் கடன். வீட்டார் கேட்டார் என்று மனச்சான்றைக் கழற்றிக் கொடுப்பது கடனாகாது.

தமிழர் விருந்தோம்பியபோது

நம் மக்களே உலகுக்கு விருந்தோம்பும் வாய்ப்பும் ஒருமுறை வந்தது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது போர் தொடங்கியதும் அது அங்கிருந்து மாற்றப்பட்டு, தமிழகத்துக்கு வந்தது. ஐந்து மாதத்துக்கும் குறைந்த காலத்தில் ஏற்பாடுகள் முடிந்தன. 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. மறுநாள் முதல் மாமல்லபுரத்தில் ஆட்டங்கள். 186 நாடுகள் வந்தன. சதுரங்கத்துக்கென முதன்முறையாக ஒரு சுடரோட்டமும் நிகழ்ந்தது. தில்லியில் ஏற்றிய சுடர் 75 நகரங்களின் வழியே வந்தது. சென்னையின் நேப்பியர் பாலமே சதுரங்கக் கட்டமாக வண்ணம் பூசி நின்றதைப் படங்களில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

நம்மை அதிகம் கவர்ந்தது விழாவின் சின்னம். வேட்டி சட்டை அணிந்து, கைகூப்பி நிற்கும் ஒரு குதிரைக் காய். அதற்கு ‘தம்பி’ என்று பெயரிட்டார்கள். சதுரங்கப் பலகையில் அரசரும் அமைச்சரும் இருக்க, வாசலில் நின்று வரவேற்கத் தம்பியை நிறுத்தினார்களே, அதில் தமிழ்க் குடும்பத்தின் உள்ளமே இருக்கிறது. கல்யாண மண்டபத்து வாயிலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவன் தம்பி. பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுபவன் தம்பி. கடைசியில் உண்பவனும் தம்பியே.

அந்த விழாவின் முடிவும் தொடக்கத்துக்கு ஏற்றதாக அமைந்தது. மகளிர் பிரிவில் இந்தியாவின் முதல் அணி கடைசிச் சுற்றுவரை முன்னிலையில் இருந்தது. கடைசிச் சுற்றில் தோற்று வெண்கலம் பெற்றது. தங்கம் வென்றவர்கள் உக்ரைன் நாட்டு மகளிர். வீடு வாசல் போர்த்தீயில் இருக்க, கடல் கடந்து வந்து நம் கடற்கரையில் ஆடியவர்கள் அவர்கள். நம் பெண்கள் வென்றிருந்தால் மகிழ்ந்திருப்போம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விருந்தினர் முன்னே நிற்க வீட்டார் பின்னே நின்ற அந்தக் காட்சியில் ஒரு நிறைவும் இருந்தது.

எதிர்வீட்டு வாசல்

இதுகாறும் அரங்குகளைப் பற்றிப் பேசினோம். இனி நம் தெருவுக்கு வருவோம். ஜீவனஹள்ளியின் குறுகிய தெருக்களில் ஒரு வீட்டில் தமிழ், மறுவீட்டில் கன்னடம், அதற்கடுத்த வீட்டில் தெலுங்கோ உருதுவோ கேட்கும். நம் தந்தையார் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர். அவர் நமக்கு அடிக்கடி சொன்ன அறிவுரை ஒன்றே: “நாம விருந்தாளிங்கடா. விருந்தாளி குரலை ஒசத்தக் கூடாது.”

1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரில் கலவரம் மூண்டபோது நமக்குப் பன்னிரண்டு வயது. அந்நாட்களின் துயரை இங்கு விரித்துரைக்க வேண்டாம், அறிந்தவர் அறிவர். தந்தையார் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னே மறைத்துவைத்த காட்சி மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று மாலை எதிர்வீட்டுக் கௌடர் தெருவைக் கடந்து வந்தார். “ஒளகே பன்னி” என்றார், வேறெதுவும் பேசவில்லை. உள்ளே வாருங்கள் என்னும் அந்த இரண்டு சொற்களை நம்பி மூன்று இரவுகள் அவர் வீட்டில் தங்கினோம். ராகிக் களியும் சாறும் முதலில் நமக்குத்தான் பரிமாறினார் அவர் மனைவியார். கௌடரோ திண்ணையைவிட்டு எழவில்லை. நடு இரவில் விழித்துப் பார்த்தபோது, தெரு அடங்கிய பின்னர் அவர் தனியே அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். வீட்டார் கடைசியில் வருவர் என்னும் விதியை நாம் முதலில் கண்டது அங்கேதான். அது விதி என்பது பல்லாண்டு கழித்து அணிவகுப்புகளைக் கண்டபோதுதான் விளங்கிற்று.

ஊரும் தன் புண்ணை மெல்ல ஆற்றிக்கொண்டது. அல்சூர் ஏரியருகே 1991 முதல் பதினெட்டு ஆண்டு திரையிட்டு நின்ற திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இங்கே விருந்தினராய் இருந்தவர் அங்கே விருந்தோம்பினர். அங்கே விருந்தினராய் வந்தவர் இங்கே விருந்தோம்பினர். அதுவும் ஒருவகைத் தொடக்க விழாவே.

மகள் ஏந்திய பலகை

அண்மையில் நம் மகளின் பள்ளியில் விளையாட்டு விழா நடந்தது. பிள்ளைகளை மாநிலம் மாநிலமாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் முன்னே பெயர்ப்பலகை ஏந்த ஒரு பிள்ளையை நிறுத்தினார்கள். வேட்டி கட்டித் தமிழ்நாட்டுப் பலகையை ஏந்தக் கன்னடச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நம் மகளுக்குக் கர்நாடகப் பலகை. செய்தி கேட்டதும் நம் தாயார் முகம் வாடியது. “ஏன்டா, நம்ம பொண்ணு கையில நம்ம ஊர்ப் பலகை இருந்தா ஆகாதா?” என்றார். நமக்கும் உள்ளூர ஒரு முள் தைத்தது. தாய்மொழியை வீட்டில் பேணி, சங்கத்தில் பிள்ளைகளுக்குத் திருக்குறள் போட்டி நடத்தி, முடிவில் பலகையைப் பிறர் கையில் கொடுப்பதா?

மறுநாள் உடற்பயிற்சி ஆசிரியரைப் போய்க் கண்டோம். குரலை உயர்த்தவில்லை, தந்தையார் கற்பித்தது அது. ஆனால் மனத்தாங்கலை மறைக்கவும் இல்லை. அவர் வியப்போடு நம்மைப் பார்த்துக் கன்னடத்திலே சொன்னதன் சாரம் இது: “சார், நடத்துகிற மாநிலம் கடைசியில் வரவேண்டும். மற்ற அணிகளெல்லாம் உள்ளே போய் நிற்கும்வரை வெயிலில் பொறுமையாக நிற்கிற பிள்ளை வேண்டும். அதனால்தான் உங்கள் மகளைத் தேர்ந்தெடுத்தேன். அவள் நம்மூர் ஹுடுகி அல்லவா?”

நம்மூர்! இரு மொழிக்கும் பொதுவான அந்தச் சொல்லைக் கேட்டு நாம் சிறிது நேரம் பேச்சிழந்தோம். நாற்பது ஆண்டுகளாக நம்மை விருந்தாளியாகவே எண்ணி வாழ்ந்திருக்கிறோம். அந்த எண்ணத்தில் பணிவு இருந்தது. ஒருவகை வசதியும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளவேண்டும். விருந்தாளிக்குக் குறைகூறும் உரிமை உண்டு, பொறுப்பு இல்லை. தெருவில் குப்பை சேர்ந்தால் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடலாம். நம்மை விருந்தாளி என்று நாமே எழுதிவைத்திருந்த கணக்கை அந்த ஆசிரியர் ஒரே சொல்லில் அடித்துவிட்டார்.

ஒரு வேடிக்கையும் அப்போது நினைவுக்கு வந்தது. 1997இல் இந்நகரில் தேசிய விளையாட்டுகள் நடந்தன. அப்போது கல்லூரியில் அடியெடுத்து வைத்திருந்த நாம், கர்நாடகத்துக்குக் கைதட்டுவதா, தமிழ்நாட்டுக்குக் கைதட்டுவதா என்று நண்பர்களோடு வாதிட்டோம். தமிழ் நெடுங்கணக்கிலும் கன்னட வர்ணமாலையிலும் ககரம் முன்னே, தகரம் பின்னே. ஆனால் விருந்தறத்தின் கணக்கிலே கர்நாடகம் தனக்குரிய எழுத்தைவிட்டு இறங்கி, தமிழ்நாட்டுக்கு வழிவிட்டுக் கடைசியில் வரவேண்டும். எழுத்து தந்த இடத்தை அறம் மாற்றிவிடுகிறது. இந்தக் கணக்கு அன்று தெரிந்திருந்தால் வாதிட்டிருக்கமாட்டோம், இரண்டுக்கும் கைதட்டியிருப்போம்.

எப்போது வீட்டார் ஆகிறோம்?

குடிபெயர்ந்தவர் எத்தனை தலைமுறைக்குப் பின் வீட்டார் ஆவர் என்பது எளிய கேள்வியன்று. பிறப்புச் சான்று ஒரு விடை சொல்லும். வாக்காளர் பட்டியல் ஒரு விடை சொல்லும். சினங்கொண்ட கூட்டம் வேறொரு விடை சொல்லும். அணிவகுப்பு சொல்லும் விடை வேறு. எவர் தமக்குப் பின் வந்தவரை முன்னே விட்டுத் தாம் பொறுத்து நிற்கிறாரோ, அவரே அவ்வீட்டுக்கு உரியவர். உரிமை கேட்டுப் பெறுவது ஒருவழி. கடமையை ஏற்றுக்கொண்டு உரியவராவது மற்றொரு வழி. அது எவரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை.

இதைச் சொல்லும்போது நம் பிழை ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. நம் வீட்டு மாடியறையில் பீகாரிலிருந்து வந்த ஓர் இளங்குடும்பம் எட்டு மாதமாகக் குடியிருந்தது. கணவர் கட்டட வேலைக்குப் போவார். அவர்கள் கடுகெண்ணெயில் தாளிக்கும் நெடி கீழே வருகிறதென்று முகம் சுளித்தோம். தண்ணீரை அதிகம் செலவிடுகிறார்களென்று முணுமுணுத்தோம். ‘எங்கிருந்தோ வந்து ஊரை நிறைத்துவிட்டார்கள்’ என்று நம் வாயாலேயே சொன்னோம். இதே சொற்கள் நம் தந்தையாரைப் பார்த்து ஒருகாலத்தில் சொல்லப்பட்டவை என்பது நமக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தையின் பெயர்கூட நமக்குத் தெரியாது. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை மேடைதோறும் முழங்கும் நாம், மாடிப்படியில் பன்னிரண்டு படி ஏறவில்லை.

பள்ளி விழா முடிந்த வாரத்தில் ஏறினோம். பெரிய செயல் எதுவும் செய்துவிடவில்லை. பொங்கலுக்குக் கீழே வரும்படி அழைத்தோம், வந்தார்கள். மொழி சரியாக ஒத்துவரவில்லை. நம் இந்தி அலுவலகக் கோப்புகளில் கற்றது. ஆனால் இலை போட்டபோது நம் தாயார் அவர்களை முதலில் அமர்த்தினார். நாம் பின்னர் உண்டோம். கௌடர் இப்போது இல்லை. இருந்திருந்தால் எதிர்த் திண்ணையிலிருந்து பார்த்துத் தலையசைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

கணக்குப் பிரிவு நண்பருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே. தொடக்க விழாவின் ஆரவாரம் கரியாகிப் போகலாம். ஆனால் அதனுள்ளே காக்கப்படும் அந்த நடைமுறை கரியாவதில்லை. 2012இல் இலண்டனில் ஒவ்வோர் அணியோடும் ஒரு செம்பு இதழ் அரங்குக்கு வந்தது. 204 இதழ்களும் சேர்ந்து ஒரே தீக்கொப்பரையாயின. விழா முடிந்ததும் அதைப் பிரித்து அந்தந்த நாட்டு இதழை அந்தந்த நாட்டுக்கே அனுப்பினார்கள். வந்தவர் தம் இதழைக் கொண்டுவரவேண்டும். வீட்டார் அதற்குக் கொப்பரையில் இடம் தரவேண்டும். பிரியும்போது அது அவரவர்க்கே மீளவேண்டும். மொழியும் பண்பாடும் அப்படித்தான். தமிழை நாம் இங்கே கரைத்துவிடவும் வேண்டாம்; தனியே எரியவிடவும் வேண்டாம்.

நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் முன்வரிசை நாற்காலிகளில் எவர் அமர்வது என்பதில் மனக்கசப்பு எழுவதை அன்பர்கள் அறிவர். அடுத்த விழாவில் அந்த வரிசையைத் தெருவின் கன்னட, தெலுங்கு, உருது, இந்திக் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்து, உறுப்பினர்களாகிய நாம் பின்வரிசையில் நின்றால் என்ன? மேடை நமது, பந்தல் நமது, ஆதலின் கடைசி இடமும் நமதே.

விளையாட்டு விழா அன்று நம் மகள் நாற்பது நிமிடம் வெயிலில் நின்றாள். கை ஓய்ந்து பலகை இருமுறை சாய்ந்ததை நாம் பார்த்தோம். வீடு திரும்புகையில், கடைசியில் நிற்பது சலிப்பாக இல்லையா என்று கேட்டோம்.

“இல்லப்பா,” என்றாள். “எல்லாரும் வந்துட்டாங்களான்னு எனக்குத்தான் தெரிஞ்சுது.”